எஸ்சிசிஎம் டாஸ்க் சீக்வென்ஸைச் சோதனைச் சர்வரிலிருந்து புரொடக்‌ஷனுக்குக் கொண்டுசெல்வது எப்படி?

எஸ்சிசிஎம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரில், ஒரு கணினியில் விண்டோஸை நிறுவும் வேலை முழுவதும் டாஸ்க் சீக்வென்ஸாக எழுதி வைக்கப்படுகிறது. டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மேட் செய்வது, விண்டோஸ் இமேஜை இறக்குவது, டிரைவர்களைச் சேர்ப்பது, டொமைனில் இணைப்பது, எஸ்சிசிஎம் கிளையன்டையும் தேவையான செயலிகளையும் நிறுவுவது என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு படி. சோதனைக்கென ஒரு தனி சைட் சர்வரும் (எஸ்சிசிஎம்மை இயக்கும் முதன்மைச் சர்வர்) புரொடக்‌ஷனுக்கு (அன்றாடப் பணி நடக்கும் சூழலுக்கு) இன்னொரு சைட் சர்வரும் வைத்திருக்கும் நிறுவனங்களில், சோதனையில் தேறிய டாஸ்க் சீக்வென்ஸை அடுத்த சர்வருக்கு மாற்றும் பொறுப்பு பெரும்பாலும் அணியில் புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் வந்து சேரும். டாஸ்க் சீக்வென்ஸ் உருவாக்கத் தெரிந்தும், இன்னும் ஒருமுறைகூட அதை இடம் மாற்றாதவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எக்ஸ்போர்ட், இம்போர்ட் என்ற இரண்டு விஸார்டுகளும் சுலபமானவை. ஆனால் அவற்றின் வழியே நகர்வது படிகளின் பட்டியலும் அவற்றுடன் இணைக்கப்பட்ட கோப்புகளும் மட்டுமே. அந்தப் படிகள் தடையின்றி ஓடுவதற்குத் துணையாக இருந்த நெட்வொர்க் அமைப்பு, கணக்குகள், அனுமதிகள், கலெக்‌ஷன் மாறிகள் (ஒரு கணினிக் குழுவுக்கென வைக்கும் மதிப்புகள்) ஆகியவை பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன. எனவே எது நகராது என்பதைக் கண்டறிவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

படி 1: சோதனைச் சூழலோடு ஒட்டியிருப்பவற்றைப் பட்டியலிடுங்கள்

டாஸ்க் சீக்வென்ஸ் எடிட்டரைத் திறந்து, முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, சோதனைச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும் மதிப்பு ஏதாவது தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் பெயர், ஐபி முகவரி, டொமைன் பெயர், ஓயூ (டொமைனில் கணினிக் கணக்குகளை வைக்கும் பிரிவு) பாதை, ஷேர் (நெட்வொர்க்கில் பகிரப்பட்ட கோப்புறை) பாதை, பயனர் கணக்கு ஆகியவை உடனே கண்ணில் படும். கண்ணில் படாதவை ஸ்கிரிப்டுகளுக்குள் இருக்கும். பவர்ஷெல் ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் திறந்து, சோதனைச் சர்வரின் பெயரையும் சைட்டின் மூன்று எழுத்து அடையாளமான சைட் கோடையும் தேடிப் பாருங்கள்.

சைட் கோடைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்சிசிஎம்மில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எட்டு எழுத்து அடையாள எண் உண்டு; அதன் முதல் மூன்று எழுத்துகள் அது பிறந்த சைட்டின் கோடு. சோதனைச் சைட்டில் உருவான ஒரு பேக்கேஜ் புரொடக்‌ஷனுக்கு இம்போர்ட் ஆகும்போது அங்கே புதிய எண்ணைப் பெறுகிறது. டாஸ்க் சீக்வென்ஸின் படிகள் அந்தப் புதிய எண்ணுக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும்; ஸ்கிரிப்டுக்குள் யாரோ கைப்பட எழுதி வைத்த பழைய எண் மாறாது. அது சோதனையில் ஒருபோதும் பிழை காட்டியிருக்காது என்பதால், புரொடக்‌ஷனில் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

கலெக்‌ஷன் மாறிகளும் இதே வகைதான். சோதனைக் கலெக்‌ஷனில் ஒரு மாறியை வைத்து, அது இருந்தால் மட்டும் இந்தப் படி ஓட வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருப்போம். மாறி கலெக்‌ஷனுக்குச் சொந்தமானது என்பதால் எக்ஸ்போர்ட்டில் அது வராது. நிபந்தனை பொய்யாகி, அந்தப் படி சத்தமில்லாமல் தாண்டிச் செல்லப்படும். பிழைச் செய்தி எதுவும் எழாது. தோல்வியடையும் படியைவிட ஓடாமலே போகும் படிதான் ஆபத்தானது.

விண்டோஸ் இமேஜ் எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். சோதனைக்கு மைக்ரோசாஃப்டின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பான விண்டோஸ் சர்வரைப் பயன்படுத்துவது சகஜம். அந்த இமேஜே புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டால், நிறுவிய சர்வர்களில் நிறுவனத்தின் கேஎம்எஸ் ஆக்டிவேஷன் (நிறுவனத்தின் சொந்தச் சர்வர் வழியே விண்டோஸ் உரிமத்தைச் செயல்படுத்துவது) வேலை செய்யாது. ஒவ்வொரு சர்வரிலும் டிஸ்ம் கட்டளையால் பதிப்பை மாற்ற வேண்டியிருக்கும். வால்யூம் லைசென்ஸ் ஐஎஸ்ஓவிலிருந்து எடுத்த இமேஜைக் கொண்டு சோதனையை மீண்டும் ஒருமுறை முழுமையாக ஓட்டிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இரு சைட்டுகளின் எஸ்சிசிஎம் பதிப்பும், அவற்றில் நிறுவப்பட்டுள்ள விண்டோஸ் ஏடிகே (விண்டோஸ் நிறுவலுக்கான கருவித்தொகுப்பு) பதிப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏடிகே 1809 முதல் விண்டோஸ் பிஇ (நிறுவலின்போது இயங்கும் சிறிய விண்டோஸ்) ஒரு தனி ஆட்-ஆன் ஆகிவிட்டதால், ஏடிகே மட்டும் புதுப்பிக்கப்பட்டு ஆட்-ஆன் பழையதாகவே நின்றுவிட்ட சர்வர்களும் உண்டு. இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

படி 2: நகலெடுத்து, நகலைத் திருத்துங்கள்

மூல டாஸ்க் சீக்வென்ஸைத் தொடாமல் அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரில் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேருங்கள். படி 1-இல் குறித்த மதிப்புகளை, டாஸ்க் சீக்வென்ஸின் தொடக்கத்தில் ஒரே குழுவில் மாறிகளாக அமைத்து, மற்ற படிகள் அந்த மாறிகளையே பயன்படுத்துமாறு திருத்துங்கள். அப்படிச் செய்தால் புரொடக்‌ஷனில் திருத்த வேண்டிய இடம் ஒன்றாகிவிடும். திருத்திய நகலைச் சோதனைச் சூழலிலேயே ஓட்டி, அது முன்புபோலவே முடிகிறது என்று உறுதிசெய்யுங்கள். பலரும் தவிர்க்கும் படி இதுதான்; மாற்றம் சின்னது என்று தோன்றும்போதுதான் இது அதிகம் தேவைப்படுகிறது.

படி 3: எக்ஸ்போர்ட்

டாஸ்க் சீக்வென்ஸை வலது சொடுக்கி எக்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால், விஸார்டில் இரண்டு தேர்வுகள் வரும். ஒன்று, சார்ந்திருக்கும் பொருள்களையும் சேர்ப்பது. மற்றொன்று, அவற்றின் கோப்புகளையும் சேர்ப்பது. முதன்முறை மாற்றும்போது இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். பூட் இமேஜும் (நிறுவலைத் தொடங்கக் கணினி முதலில் ஏற்றும் விண்டோஸ் பிஇ) டிரைவர் பேக்கேஜுகளும் ஏற்கெனவே புரொடக்‌ஷனில் இருக்குமானால், சார்புகளைச் சேர்க்காமல் படிகளை மட்டும் எடுத்துச்சென்று, அங்கே உள்ளவற்றோடு கையால் இணைப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே டிரைவர் பேக்கேஜின் புதிய நகல் ஒன்று புரொடக்‌ஷனில் சேர்ந்துகொண்டே போகும். ஓராண்டு கழித்து எது உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிவில் ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். கோப்புகளையும் சேர்த்திருந்தால் அதன் அருகே ஒரு கோப்புறையும் உருவாகும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

படி 4: இம்போர்ட்

ஜிப் கோப்பையும் அதன் கோப்புறையையும் புரொடக்‌ஷனின் நிரந்தர சோர்ஸ் ஷேருக்கு நகலெடுத்த பிறகே இம்போர்ட்டைத் தொடங்குங்கள். அந்த ஷேரை நெட்வொர்க் பாதையாகக் குறிப்பிடுங்கள். தற்காலிகக் கோப்புறையிலிருந்து இம்போர்ட் செய்துவிட்டு அந்தக் கோப்புறையைப் பிறகு அழித்தால், பேக்கேஜைப் புதுப்பிக்க முயலும் நாளில்தான் சோர்ஸ் இல்லாதது தெரியவரும். ஒரே பெயரில் ஒரு பொருள் ஏற்கெனவே இருந்தால், புதிதாக உருவாக்கவா, சார்பை விட்டுவிடவா, மேலெழுதவா என்று விஸார்டு கேட்கும். எந்தப் பொருளையெல்லாம் வேறு டாஸ்க் சீக்வென்ஸ்களும் பயன்படுத்துகின்றன என்று தெரியாதவரை, மேலெழுதுவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 5: இம்போர்ட் முடிந்தபின் திருத்த வேண்டியவை

பாதுகாப்புக் காரணத்துக்காக, எக்ஸ்போர்ட் கோப்பில் கடவுச்சொற்கள் சேர்க்கப்படுவதில்லை. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, டொமைனில் இணைக்கும் கணக்கு, நெட்வொர்க் ஷேரோடு இணைக்கும் கணக்கு என எல்லாக் கடவுச்சொற்களையும் புரொடக்‌ஷனில் மீண்டும் இட வேண்டும். சோதனைக்குப் பயன்பட்ட கடவுச்சொல்லையே மீண்டும் இடுவது சரியல்ல. சோதனைக் கடவுச்சொற்கள் பலருக்கும் தெரிந்தவை.

டொமைனில் இணைக்கும் கணக்கில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். சோதனை டொமைனில் இந்த வேலைக்கு டொமைன் அட்மின் கணக்கையே பயன்படுத்தியிருப்பார்கள். புரொடக்‌ஷனில் அதற்கென ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, குறிப்பிட்ட ஓயூவில் மட்டும் கணினிக் கணக்குகளை உருவாக்கவும், அவற்றின் கடவுச்சொல்லை மீட்டமைக்கவும், டிஎன்எஸ் பெயரையும் எஸ்பிஎன்னையும் (கணினியின் சேவைகளை டொமைனில் அடையாளம் காட்டும் பெயர்) எழுதவும் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தடை வரக்கூடும். 2022 அக்டோபரில் வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஆக்டிவ் டைரக்டரியில் ஏற்கெனவே இருக்கும் கணினிக் கணக்கை மீண்டும் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. புதிய இணைப்புக் கணக்கு, வேறொருவர் உருவாக்கிய கணினிக் கணக்கைக் கைப்பற்ற முயன்றால் 2732 என்ற பிழை எண்ணோடு இணைப்பு நின்றுவிடும். சோதனையில் ஒரே கணக்குதான் எல்லாக் கணினிகளையும் உருவாக்கியிருக்கும் என்பதால் அங்கே இது வெளிப்படாது. புரொடக்‌ஷனில் பழைய கணினிகளை அதே பெயரில் மீண்டும் நிறுவும்போதுதான் முதன்முதலில் எதிர்ப்படும். கணினிக் கணக்குகளின் உரிமையாளர்களாக நம்பத்தக்க கணக்குகள் எவை என்பதை டொமைன் கண்ட்ரோலர்களுக்கான குழுக் கொள்கையில் குறிப்பிட வழி உண்டு. டொமைனை நிர்வகிக்கும் அணியோடு இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

டாஸ்க் சீக்வென்ஸின் பண்புகளில், எந்த பூட் இமேஜ் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புரொடக்‌ஷனில் ஏற்கெனவே உள்ள பூட் இமேஜைத் தேர்ந்தெடுத்து, அதில் நெட்வொர்க், ஸ்டோரேஜ் டிரைவர்கள் இருப்பதை உறுதிசெய்தால் போதும். ஒலி, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அங்கே தேவையில்லை. பூட் இமேஜில் எஃப்8 விசையை அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும் வசதி, சோதனைக்கு மட்டும் என்ற குறிப்போடு ஒரு தேர்வாக இருக்கும். புரொடக்‌ஷன் பூட் இமேஜில் அதை அணைத்து வையுங்கள். அது இயங்கும் கணினியின் முன் உட்காரும் எவரும் எந்தக் கடவுச்சொல்லும் இன்றி நிர்வாக உரிமையோடு உள்ளே நுழைந்து, டாஸ்க் சீக்வென்ஸ் மாறிகளைப் படித்துவிட முடியும்.

செயலிகள் ஒவ்வொன்றின் பண்புகளிலும், தனியாக டிப்ளாய் செய்யாமலே (கணினிகளுக்கு அனுப்பாமலே) டாஸ்க் சீக்வென்ஸிலிருந்து நிறுவ அனுமதிக்கும் பெட்டியில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: கோப்புகள் கணினியைச் சென்றடையும் வழி

டாஸ்க் சீக்வென்ஸின் மேல் வைத்தே கன்டென்ட்டை விநியோகிக்கச் சொன்னால், அது சார்ந்திருக்கும் எல்லாம் கோப்புகளைக் கணினிகளுக்கு வழங்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டுகளுக்குச் செல்லும். கன்சோலில் அனைத்தின் நிலையும் பச்சையாகும்வரை காத்திருங்கள். ஒரே ஒரு பேக்கேஜ் போய்ச் சேராவிட்டாலும், டாஸ்க் சீக்வென்ஸ் முதல் படியைத் தொடும் முன்பே 80040104 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். எல்லாம் பச்சையாக இருந்தும் அதே எண் வந்தால், அந்தக் கணினியின் ஐபி முகவரி எந்த பவுண்டரி குரூப்பிலும் (எந்தக் கணினி எந்த டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டை நாட வேண்டும் என்று இணைக்கும் நெட்வொர்க் பகுதிகளின் தொகுப்பு) சேராமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையில் ஒரே சப்நெட். புரொடக்‌ஷனில் அலுவலகத்துக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று இருக்கும். நேற்று புதிதாகச் சேர்த்த சப்நெட்டைப் பற்றி நெட்வொர்க் அணி நமக்குச் சொல்லியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நெட்வொர்க் வழியே, அதாவது பிஎக்ஸ்இ மூலம், கணினியைத் தொடங்குவதாக இருந்தால் இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சோதனையில் கணினியும் சர்வரும் ஒரே விலேனில் (ஒரே நெட்வொர்க் பகுதியில்) இருப்பதால், பிஎக்ஸ்இ கோரிக்கை நேராகச் சர்வரை அடைந்துவிடுகிறது. புரொடக்‌ஷனில் இடையே ரவுட்டர் இருக்கும்; பிராட்காஸ்ட் அதைத் தாண்டாது. டிஎச்சிபி சர்வரையும் பிஎக்ஸ்இ சர்வரையும் சுட்டும் ஐபி ஹெல்பர்களை (கோரிக்கையை வேறு நெட்வொர்க்குக்குக் கடத்தும் அமைப்பு) ரவுட்டரில் அமைக்குமாறு கேளுங்கள். யூடிபி 67, 69, 4011 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். இதற்குப் பதிலாக டிஎச்சிபியில் 66, 67 ஆப்ஷன்களை இட்டுக் குறுக்கு வழியில் போகச் சிலர் சொல்வார்கள். புதிய கணினிகளின் யுஇஎஃப்ஐக்கும் பழைய பயாஸுக்கும் தேவைப்படும் பூட் கோப்புகள் வெவ்வேறு என்பதால், இரண்டு வகைக் கணினிகளும் கலந்திருக்கும் இடத்தில் அது ஒரு தரப்பைத்தான் காப்பாற்றும். மைக்ரோசாஃப்டும் ஐபி ஹெல்பர் முறையையே பரிந்துரைக்கிறது.

படி 7: உண்மையான கணினியின் டிஸ்க்கும் டிரைவரும்

சோதனைகள் பெரும்பாலும் மெய்நிகர்க் கணினிகளில் நடக்கின்றன. அங்கே ஒரே டிஸ்க்தான். அதன் எண் 0. உண்மையான சர்வரில் பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கன்ட்ரோலரின் பின்னால் ஒரு டிஸ்க், தனி எம்.2 டிஸ்க், சான் ஸ்டோரேஜிலிருந்து (நெட்வொர்க் வழியே இணைக்கப்பட்ட சேமிப்பகம்) வரும் டேட்டா டிஸ்க் என்று பல இருக்கலாம். அவற்றில் எதற்கு 0 என்ற எண் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. ஃபார்மேட் செய்யும் படி 0 என்ற எண்ணை நம்பி இருக்குமானால், அது டேட்டாவையே அழித்துவிடக்கூடும். ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த சர்வரை மீண்டும் நிறுவுவதானால், சான் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். மேலும், ஃபார்மேட் படிக்கு முன்பாக ஒரு சிறிய பவர்ஷெல் படியைச் சேர்த்து, டிஸ்க்கின் அளவையும் இணைப்பு வகையையும் பார்த்துச் சரியான எண்ணை ஒரு மாறியில் இட்டு, அந்த மாறியை ஃபார்மேட் படியில் பயன்படுத்துங்கள். எதிர்பார்த்த வகை டிஸ்க் கிடைக்கவில்லையென்றால், ஸ்கிரிப்ட் யூகிக்காமல் பிழையோடு நின்றுவிட வேண்டும்.

டிரைவர் பேக்கேஜ்களுக்கு மாடல் பெயரை ஒப்பிடும் டபிள்யூஎம்ஐ (கணினியைப் பற்றி விண்டோஸ் தரும் தகவல்) நிபந்தனையை எழுதுவது வழக்கம். டெல், எச்பி கணினிகளில் வின்32 கம்ப்யூட்டர்சிஸ்டம் வகுப்பின் மாடல் புலத்திலேயே நமக்குத் தெரிந்த பெயர் இருக்கும். லெனோவோவில் அங்கே இருப்பது உற்பத்திக் குறியீடு. வழக்கத்தில் உள்ள பெயர் வின்32 கம்ப்யூட்டர்சிஸ்டம்புராடக்ட் வகுப்பின் வெர்ஷன் புலத்தில் இருக்கும். டெல் கணினிகளுக்காக எழுதிய நிபந்தனையை லெனோவோவுக்கு நகலெடுத்தால் அது ஒருபோதும் பொருந்தாது.

படி 8: டிப்ளாய்மென்ட்

இந்தப் படியில் நடக்கும் தவறுக்குத் திருத்தம் கிடையாது. 2014 மே மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் டிப்ளாய்மென்ட் ஒன்று, மேஜைக் கணினிகள், லேப்டாப்கள், சர்வர்கள் உட்பட விண்டோஸ் கணினிகள் அனைத்துக்கும் தவறுதலாக அனுப்பப்பட்டது. அதன் முதல் வேலையே டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மேட் செய்வதுதான். நிர்வாகிகள் விபரீதத்தை உணர்ந்து நிறுத்தும் நேரத்தில் எஸ்சிசிஎம் சர்வரும் அதில் சிக்கிக்கொண்டிருந்தது. கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிட முடியாது. ஒரு தவறான தேர்வு அவ்வளவு தூரம் போக அமைப்பு இடம் கொடுத்தது.

ஆகவே, டிப்ளாய்மென்ட்டை உருவாக்கும் முன் சைட் பண்புகளில் உள்ள டிப்ளாய்மென்ட் சரிபார்ப்புப் பகுதிக்குச் சென்று, கலெக்‌ஷன் அளவுக்கு உச்ச வரம்பை இடுங்கள். சைட் சிஸ்டம் சர்வர்கள் உள்ள கலெக்‌ஷன்களுக்கு அனுப்புவதைத் தடுக்கும் தேர்வையும் இயக்குங்கள். பிறகு, புதிதாக ஒரு கலெக்‌ஷனை உருவாக்கி, அதில் முன்னோட்டத்துக்கான கணினிகளை நேரடி உறுப்பினர்களாகச் சேருங்கள். நிபந்தனை வினவலால் உறுப்பினர்களைச் சேர்க்காதீர்கள். வினவலில் ஒரு எழுத்துப் பிழை உறுப்பினர் எண்ணிக்கையைத் தலைகீழாக்கிவிடும். உறுப்பினர் பட்டியலைத் திறந்து பெயர் பெயராகப் படித்துப் பாருங்கள்.

டிப்ளாய்மென்ட்டின் நோக்கம் கட்டாயம் என்று இருக்கக் கூடாது. விருப்பத் தேர்வு என்பதே தொடக்கத்துக்குப் போதும். எங்கே தெரிய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், பூட் மீடியாவுக்கும் பிஎக்ஸ்இக்கும் மட்டும் என்று தேர்ந்தெடுத்தால், இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் சாஃப்ட்வேர் சென்டரில் அது தோன்றாது; பயனர் யாரும் தெரியாமல் சொடுக்கிவிடும் வாய்ப்பு இல்லை. டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டில் பிஎக்ஸ்இக்கு ஒரு கடவுச்சொல்லையும் இட்டு வையுங்கள்.

புதியவர்களைக் குழப்பும் ஒரு நடத்தையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஎக்ஸ்இயில் கணினி முதலில் ஏற்றிக்கொள்வது, அதற்குக் கடைசியாகச் செய்யப்பட்ட டிப்ளாய்மென்ட்டின் பூட் இமேஜை. நீங்கள் திரையில் தேர்ந்தெடுக்கும் டாஸ்க் சீக்வென்ஸுக்கு வேறு பூட் இமேஜ் குறிக்கப்பட்டிருந்தால், கணினி அதை இறக்கிக்கொண்டு மீண்டும் ஒருமுறை ரீபூட் ஆகும். கடைசியாக வந்த பூட் இமேஜில் உங்கள் கணினிக்கான நெட்வொர்க் டிரைவர் இல்லையென்றால், தேர்வுப் பட்டியல்வரை போகவே முடியாது. பழுது உங்கள் டாஸ்க் சீக்வென்ஸில் இருக்காது.

படி 9: முன்னோட்ட ஓட்டமும் லாக் கோப்பும்

முன்னோட்டத்துக்கு, ஒவ்வொரு மாடலிலும் ஒரு கணினியாவது, ஒவ்வொரு தளத்திலும் ஒரு கணினியாவது இருக்க வேண்டும். எது தவறினாலும் பார்க்க வேண்டிய கோப்பு எஸ்எம்எஸ்டிஎஸ் லாக். நிறுவல் முன்னேற முன்னேற அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்: டிஸ்க் ஃபார்மேட் ஆகும்வரை எக்ஸ் டிரைவில் விண்டோஸ் டெம்ப் கோப்புறைக்குள்ளும், அதன்பின் சி டிரைவில் டாஸ்க் சீக்வென்ஸின் தற்காலிகக் கோப்புறைக்குள்ளும், கிளையன்ட் நிறுவப்பட்டபின் விண்டோஸ் கோப்புறைக்குள் சிசிஎம் லாக்ஸிலும் இருக்கும். எஸ்சிசிஎம்மின் லாக் படிக்கும் கருவியான சிஎம்டிரேஸ் கொண்டு திறந்தால் பிழை வரிகள் சிவப்பில் தெரியும். கடைசிச் சிவப்பு வரி பெரும்பாலும் பொதுவான தோல்விச் செய்தி. காரணம் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும். எஃப்8 அணைக்கப்பட்டிருப்பதால், தோல்வியடையும்போது லாக்கை ஒரு ஷேருக்கு நகலெடுக்கும் படியைக் கடைசிக் குழுவில் சேர்த்துவையுங்கள். சான்றிதழோடு தொடர்புடைய பிழையாகத் தெரிந்தால், வேறெதையும் தொடும் முன் கணினியின் பயாஸ் கடிகாரத்தைப் பாருங்கள். நெடுநாள் அலமாரியில் கிடந்த கணினியில் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும். எச்டிடிபிஎஸ் இணைப்பு அதை ஏற்காது.

வெற்றி என்று திரை சொன்னாலும், படி 1-இன் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொரு படியும் உண்மையில் ஓடியதா அல்லது தாண்டப்பட்டதா என்று லாக்கில் சரிபாருங்கள்.

படி 10: பழையதிலிருந்து மாறுவது

டிப்ளாய் செய்யப்பட்ட டாஸ்க் சீக்வென்ஸைத் திறந்து திருத்திச் சேமித்தால், அடுத்து வரும் கணினிக்கே அந்தத் திருத்தம் போய்விடும். இடையில் ஒப்புதல் கேட்கும் திரை எதுவும் இல்லை. அதனால் புரொடக்‌ஷனில் இயங்கும் பதிப்பில் நேரடியாகக் கைவைக்காமல், புதிய பதிப்பைத் தனியாக டிப்ளாய் செய்து, பழையதை அதன் பண்புகளில் முடக்கி வையுங்கள்; உடனே அழிக்க வேண்டாம். புதியதில் சிக்கல் வந்தால், பழையதை மீண்டும் இயக்குவதற்கு முடக்கும் பெட்டியிலுள்ள குறியை எடுத்தால் போதும். பழைய பதிப்பு சார்ந்திருக்கும் பேக்கேஜ்களை டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டுகளிலிருந்து நீக்குவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். இடம் போதவில்லை என்று யாராவது முந்திக்கொண்டு நீக்கிவிட்டால், முடக்கி வைத்த டாஸ்க் சீக்வென்ஸால் பயன் இருக்காது. எக்ஸ்போர்ட் ஜிப்பைப் பதிப்பு எண்ணோடு பாதுகாப்பான ஷேரில் வைத்து, ஸ்கிரிப்டுகளும் ஓயூ பாதைகளும் அதற்குள் இருப்பதால், அந்த ஷேரைப் படிக்கும் உரிமையை டிப்ளாய்மென்ட் அணிக்கு மட்டும் கொடுங்கள்.